பதினேழாம் ஜாடியின் பட்டினி

ஜோகுபாளையத்தில் மெர்சியின் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே, நாற்பத்திரண்டு கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் ஃபைட்டர் மீன். ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டு. அட்டையை எடுத்துவிட்டால் பக்கத்து மீனைப் பார்த்த மாத்திரத்தில் செவுளையும் துடுப்பையும் விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதத் தொடங்கும். இரண்டு நாள் அப்படி விட்டால் துடுப்பு கந்தலாகிவிடும். தண்ணீரில் ஊறப்போடும் பாதாம் இலைகளை அவள் சர்ச் காம்பவுண்டில் பொறுக்கிக்கொண்டு வருவாள். மீன்களுக்குப் பெயர் வைப்பதில்லை. ஜாடியின் நம்பர்தான் பெயர்.

பகலில் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தின் பேன்ட்ரி அவள் பொறுப்பு. அங்கே யாரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்துவதில்லை. ஆனால் அவள் லீவு போட்ட நாளில் அவர்களுக்குத் தெரிவது காபி வரவில்லை என்பதுதான். அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் தெரிகிறார்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி மட்டும் வேறு. அறுநூறு பேர் இருக்கும் வாட்ஸப் ஏலக் குழுவில் அந்த நேரம் அவளுடையது. எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் என்பதால் அதற்குத்தான் போட்டி அதிகம். மூன்று வருடம் மதியம் இரண்டு மணி வெயிலில் மீன் விற்ற பிறகு அது அவளுக்குக் கிடைத்தது. ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே, "மெர்சி மேடம் வீடியோ எப்போ?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அவள் ஜாடிக்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிப்பாள். மீன் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து விரியும். அதைப் படம் பிடித்துப் போடுவாள். இருபது நிமிடம் ஏலம். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் இரண்டு நிமிடம் நீளும்.

ஜெயித்தவர் பணம் அனுப்பி, மீன் கைக்கு வந்ததும், "கிடைத்தது" என்று குழுவில் படத்தோடு போட வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிவரை அவகாசம். தொடர்ந்து மூன்று ஏலம் இப்படி முடியாமல் போனால் அந்த நேரம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். சில பேர் தங்கள் ஆளையே விட்டு விலையை ஏற்றுகிறார்கள், ஏமாந்து அந்த ஆளே ஜெயித்துவிட்டால் விற்பனை நின்றுபோகிறது, அதனால் இந்த விதி என்று அட்மின் சுஹாஸ் விளக்கம் சொல்லியிருந்தான். வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடுகிறவரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

மெர்சிக்கு ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. முதலில் ஜெயித்தவர், "வீட்டுல ஒத்துக்கல மேடம், ஸாரி" என்றார். இரண்டாவது, 'சில்வர் ஃபின்' என்ற பெயரில் இருந்த ஆள், அவள் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அதற்கு மறுநாள் குழுவில் யாரோ எழுதினார்கள்: "மெர்சி மேடம் மீனை ஜெயிக்கிறவங்க மட்டும் ஏன் காணாமப் போறாங்க?" அவளே ஆள் வைத்து விலை ஏற்றுகிறாள் என்ற குத்தல் அது. கீழே பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். அவள் பதினான்கு பேரின் பெயரையும் ஒருமுறை படித்தாள். அதில் நான்கு பேர் அவளிடம் மீன் வாங்கியவர்கள்.

மூன்றாவதாக ஏலத்துக்கு வந்தது பதினேழாம் ஜாடி. பால் வெள்ளை உடம்பு, துடுப்பின் ஓரத்தில் மட்டும் செம்பு நிறம். மூன்று தலைமுறை இனச்சேர்க்கைக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த மீன். 'கிங் சீனு' என்பவன் ஆயிரத்து நானூற்றைம்பதுக்கு ஜெயித்தான். மெர்சி வாழ்த்துச் சொல்லி விவரம் கேட்டாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது.

அன்றே அவள் பதினேழுக்குத் தீனியை நிறுத்தினாள். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு நாள் மீனைப் பட்டினி போட வேண்டும். இல்லாவிட்டால் பையிலேயே கழிந்து, தண்ணீர் கெட்டு, போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். பணம் வந்த பிறகு நிறுத்துவார்கள். மெர்சி ஜெயித்தவரின் பெயரைப் பார்த்ததுமே நிறுத்திவிடுவாள்.

திங்கள் பதில் இல்லை. செவ்வாய் ஹெப்பகோடியில் ஒரு பிஜி விடுதியின் விலாசம் வந்தது. கூடவே, "நாளைக்கு கண்டிப்பா அக்கா." புதன் வந்து போனது.

வியாழன் காலை அவள் கணவன் தாஸ் பல் துலக்கிக்கொண்டே மாடிக்கு வந்தான். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டான்.

"இன்னா மெர்சி, இது அடியிலயே படுத்துகினு கீது?"

"அனுப்பற மீனு. பட்டினி."

"எத்தினி நாளா?"

"நாலாவது நாள்."

தாஸ் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "அவன் ஏமாத்துறான், இது ஏன் சோறு தின்னாம கெடக்கணும்? போடு ரெண்டு."

"போட்டா மறுபடி ரெண்டு நாள் நிறுத்தணும். நாளைக்கு எட்டு மணிக்குள்ள எப்படி அனுப்பறது?"

"அப்ப உன் ஏழு மணிக்காக இது பட்டினி கெடக்குது. அப்டிச் சொல்லு."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். தீனி டப்பாவை எடுத்தவள், கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மூடி திறக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். மீனைப் பையில் கட்டி, செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தொம்மலூரிலிருந்து சில்க் போர்டு, அங்கே மாறி ஹெப்பகோடி. கண்டக்டர் அவளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்து, "ஏனம்மா, ஐஸ் கிரீமா?" என்றான். "மீனு" என்றாள். "வாசனையே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான்.

பிஜி நான்கு மாடிக் கட்டடம். வாசலில் டீக்கடை வைத்திருந்த வள்ளியம்மா, "சீனுவா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. மூணு மணிக்கு வந்துடும். உக்காரு" என்றாள். மெர்சி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனதுக்குள் நாலைந்து தடவை கேட்டு முடித்திருந்தாள்.

வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். யூனிபார்ம் சட்டை, தோளில் டிபன் பை, முன்பக்கம் ஏறிய நெற்றி. 'கிங்' என்ற பெயருக்கு அவள் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லை. அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா... மெர்சி மேடமா நீங்க?"

"ஆமா. நீங்க கேட்ட மீனு."

"நான் என்னமோ, பெரிய ஃபார்ம் வெச்சிருக்கறவங்கன்னு..."

"நானும் உங்கள ராஜான்னு நெனச்சேன்."

வள்ளியம்மா சிரித்துவிட்டாள். சீனு சிரிக்கவில்லை. எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான்.

"எங்க வெப்பேன்க்கா? ஒரு ரூம்ல ஆறு பேர். என் கட்டிலுக்கு அடியில என் பெட்டி இருக்குது, பக்கத்துக் கட்டில்காரன் செருப்பு இருக்குது. வீடு போளூர்ல. பொண்டாட்டி, பசங்க எல்லாம் அங்கதான்."

"அப்புறம் ஏன் ஏலம் கேட்டீங்க?"

டீ வந்தது. ஒரு மிடறு குடித்தான்.

"கேக்கும்போது வாங்கிடுவேன்னுதான்க்கா தோணும். ஐம்பது ஏத்துறேன், எதிர்ல ஒருத்தன் ஏத்துறான், விடக்கூடாதுன்னு இருக்கும். முடிஞ்சதும் 'வாழ்த்துகள் கிங்'னு முப்பது பேர் போடுவாங்க. அந்த அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கும். அப்புறம் ரூமுக்குள்ள பாத்தா..." கிளாஸைக் கீழே வைத்தான். "பதினோரு மீன் ஜெயிச்சிருக்கேன்க்கா. வேற வேற குரூப்ல. ஒண்ணு கூட வாங்கல."

மெர்சி மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"அந்த சில்வர் ஃபின்னும் நான்தான்" என்றான். "இன்னொரு சிம்மு."

பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த கோபம் இதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது. "ஒரு கண்ணாடி ஜாடி இருக்கா?" என்று வள்ளியம்மாவைக் கேட்டாள். பிஸ்கட் ஜாடி ஒன்று காலியாக இருந்தது. கழுவி, பையில் இருந்த தண்ணீரோடு மீனை அதில் விட்டாள். மீன் வெள்ளைக் காகிதம் மடிந்து கிடப்பது போலத் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. சீனு குனிந்து பார்த்தான்.

"வீடியோல பெருசா இருந்துச்சே?"

"கண்ணாடி காட்டித்தான் எடுப்போம். சண்டைக்கு விரியும். எப்பவும் அப்படியே இருக்காது. இது அஞ்சு நாளா சாப்பிடல."

"ஏன்?"

அவள் காரணம் சொன்னாள். முழுதும் சொன்னாள். பட்டினி எதற்கு என்பதையும், அதை வியாழக்கிழமையே முடித்துத் தீனி போட்டிருக்கலாம் என்பதையும், எட்டு மணி விதியையும், பதினான்கு பேர் சிரித்ததையும். அவன் ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு பண்றேன். இப்பவே இத ஃபோட்டோ எடுத்து 'கிடைத்தது'ன்னு போட்டுடறேன். மீன நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்க டைம் உங்களுக்கு. யாருக்கும் நஷ்டமில்ல."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. யாருக்கும் நஷ்டமில்லைதான். மெர்சி அரை நிமிடம் அந்தப் படத்தை மனதில் பார்த்தாள்: பிஸ்கட் ஜாடியில் மீன், கீழே முப்பது வாழ்த்து. அதைப் போட்டுவிட்டால் அந்தப் பதினான்கு பேர் சிரித்தது சரி என்று ஆகிவிடும். அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"வேணாம்" என்றாள். "போடறதா இருந்தா நடந்தத போடுங்க."

"நடந்ததையா? எங்க ஃபேக்டரி லைன்ல வேல செய்யறவங்களே நாலு பேர் அதுல இருக்காங்கக்கா."

"நான் போடச் சொல்லல. போடறதா இருந்தான்னேன்."

தீனி டப்பாவைத் திறந்து இரண்டு குருணை போட்டாள். மீன் ஒன்றை வாயில் வாங்கித் துப்பியது. மறுபடி வாங்கியது. இருவரும் அது விழுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கியது. சாப்பிட்டவுடன் பையில் கட்ட மனம் வராமல், ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வள்ளியம்மா காசு வாங்க மாட்டேன் என்றாள்.

திரும்பும் பஸ் சில்க் போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. மணி ஏழு. குழுவில் ஒன்றும் இல்லை. 'சில்வர் ஃபின்' நம்பரும் சீனுவின் நம்பரும் அவள் போனில் இருந்தன. இரண்டும் ஒரே ஆள் என்று எழுத ஒரு நிமிடம் போதும். எழுதினால் அவள் நேரம் பிழைக்கும். அவனை எல்லாக் குழுவிலிருந்தும் துரத்துவார்கள், நம்பரோடு, படத்தோடு. அது நியாயமாகவும் இருக்கும். அவள் எழுதினாள். மடியில் ஜாடி, அதில் பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடும் தண்ணீர். எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தாள். ஏழரைக்கு அழித்தாள். இரக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. அவன் தானாகச் சொன்னதை வைத்து அவனைப் பிடித்துக் கொடுப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவே.

எட்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் லாரி சத்தம்.

"நான் சீனு பேசறேன். பதினேழு நம்பர நான்தான் ஜெயிச்சேன். என்னால வாங்க முடியாது. முன்ன ஜெயிச்ச சில்வர் ஃபின்னும் நான்தான். மேடத்துக்கும் எனக்கும் பழக்கம் கெடையாது. இன்னிக்குத்தான் பாத்தேன். மீன் நல்லா இருக்குது. ஸாரி."

அதற்குக் கீழே, கிங் சீனு வெளியேறினார் என்று ஒரு வரி.

பத்து நிமிடம் கழித்து சுஹாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "ரெண்டும் ஒரே ஆள்னா ஒண்ணாத்தான் கணக்கு மேடம். ஞாயித்துக்கிழம ஏழு மணி உங்களுதே. சரிதானே, ஆய்த்தா?"

"ஆய்த்து. ஆனா இனிமே பணம் வந்த பிறகுதான் நான் மீனப் பட்டினி போடுவேன். அதனால அவகாசம் அஞ்சு நாள் போதாது, ஏழு வேணும்."

"மீட்டிங்ல பேசலாம் மேடம்."

"பேசுங்க. இந்த ஞாயித்துக்கிழம மீன் போட மாட்டேன். பதினேழு தேறணும்."

அதற்கு அடுத்த ஞாயிறு பதினேழாம் ஜாடி மறுபடி ஏலத்துக்கு வந்தது. தொள்ளாயிரத்தில் நின்றது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஏற்ற யாரும் இல்லை. ஜெயித்த பெண், ஹென்னூரைச் சேர்ந்த ஒரு டீச்சர், பத்து நிமிடத்தில் பணம் அனுப்பிவிட்டாள்.

தாஸ் போனை எட்டிப் பார்த்தான். "இன்னாது, ஐந்நூத்தம்பது கொறஞ்சிடுச்சே?"

"அது ராஜா ஏத்தினது" என்றாள் மெர்சி.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. போன மாதங்களில் அவள் மீனுக்குக் கிடைத்த எத்தனை விலை அவன் ஏற்றியது? அவன் பின்வாங்கி, வேறு யாரோ ஜெயித்து, அந்த விலையைக் கொடுத்து வாங்கிப் போயிருப்பார்கள். அவள் ஆள் வைக்கவில்லை. ஆனால் வாங்கப்போகாத ஒருவன் அவளுக்காக விலை ஏற்றியிருக்கிறான். சிரித்த பதினான்கு பேர் சொன்னது அவளைப் பற்றிப் பொய். அவள் மீனின் விலையைப் பற்றி, அவர்களுக்கே தெரியாமல், பாதி உண்மை.

எழுந்து மாடிக்குப் போனாள். பதினேழின் தீனியை அன்று நிறுத்த வேண்டும். பிஸ்கட் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி 'நாற்பத்து மூன்று' என்று எழுதினாள்.