ரேகைக்குப் பூசிய வெண்ணெய்

என் மனைவியின் விரல்களில் ரேகை இல்லை என்று பதுளை பாஸ்போட் அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரேகை இல்லாத மனுசர் உண்டா? மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடி பதித்த அந்தச் சின்ன மெஷினில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேயிலை எல்லாத்தையும் திண்டிட்டுது அம்மா. கொஞ்ச நாள் கொழுந்து பறிக்கப் போகாமல் கையை மெதுவாக்கிக்கொண்டு வாங்கோ" என்றார்.

"நாள் இல்லீங்களே" என்றாள் மனைவி.

நாள் இல்லை என்பது உண்மை. எங்கள் ஒரே மகளை இந்தியாவில், கோத்தகிரியில், சொந்தத்திலேயே கட்டிக் கொடுத்திருக்கிறோம். முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. மருமகன் லொறி ஓட்டுகிறவர், வீடு தங்கமாட்டார். மாமியாரும் உயிரோடு இல்லை. இப்போது இரண்டாவது. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனில் மகள் ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா, இந்த வாட்டியாவது நீ வருவியா?" அதற்குத்தான் பாஸ்போட். அதற்குத்தான் இந்த ரேகை.

பஸ்ஸில் பெரகலைத் தோட்டத்துக்குத் திரும்பும்வரை அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவள் கை எனக்குத் தெரியாததா? விரல் இடுக்கெல்லாம் கறுத்த வெடிப்பு. சேலையைத் தடவினால் நூல் மாட்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் தூக்குவாள், ஆனால் முகத்தைத் தொடமாட்டாள். "கீறிருங்க" என்பாள்.

அன்று சாயங்காலம் அரபு நாட்டில் வீட்டு வேலை செய்கிற என் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். விசயத்தைக் கேட்டதும், "அண்ணே, நான் கிறிஸ்மஸ்ஸுக்கு அனுப்பின டின் இருக்கா? மஞ்சள் டின்?" என்றாள்.

இருந்தது. வேதப்புத்தகம் வைத்திருக்கும் பலகையின் ஓரத்தில், தொடுவாரில்லாமல். ஷியா பட்டர் என்று பெயர். ஆப்பிரிக்காவில் ஷியா என்றொரு மரமாம், அதன் கொட்டையை வறுத்து அரைத்து எடுக்கிற வெண்ணெயாம். முகத்துக்கும் தலைக்கும் பூசலாம் என்று தங்கச்சி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். முதல் நாள் நான் அதைத் தின்கிற வெண்ணெய் என்று பாண் துண்டில் தடவப் போய், மகன் முறை ஆகிற பயல்கள் எல்லாம் சிரித்தார்கள். மனைவி அதைவிட மோசம். மார்கழிக் குளிரில் ஒரு கட்டியை எடுத்து அப்படியே கூந்தலில் அப்பிக்கொண்டாள். அது உருகவே இல்லை. தலை முழுக்க வெள்ளை வெள்ளையாக உறைந்து போனது. பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்து அக்கா பார்த்துவிட்டு, "என்னாடி, கோயில் மெழுகுதிரிய தலையில உருக்கி ஊத்திக்கிட்டியா?" என்று கேட்டதில் அந்த டின்னுக்கு மூடி போட்டவள்தான் இவள்.

"அது உள்ளங்கைச் சூட்டுலதான் உருகும் அண்ணே" என்றாள் தங்கச்சி. "நகத்தளவு எடுத்து, தேச்சி உருக்கிட்டு, வெதுவெதுன்னு தண்ணியில கைய ஊற வச்ச பிறகு பூசி விடுங்க. இங்க என் கையெல்லாம் குளோரின்ல வெந்து கெடந்துச்சு. இதுதான் ஆத்துச்சு. ராத்திரியில பூசணும், பழைய காலுறைய கையில மாட்டிக்கிட்டுப் படுக்கச் சொல்லுங்க."

அப்படியே செய்தோம். அவள் கொழுந்துக்குப் போகவில்லை. கங்காணி வாசலில் நின்று, "என்னாக்கா, கைய பேங்குல போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சமையலும் துணி துவைப்பதும் என் தலையில். இரவு ஜெபம் முடிந்ததும் அவள் கையை என் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பேன். அந்த வெண்ணெயில் அடுப்புப் புகையும் பழைய நெய்யும் கலந்தது போல ஒரு வாசம். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவள் கையை இவ்வளவு நேரம் நான் பிடித்திருந்ததில்லை. வெடிப்புகள் மெதுவாக மூடின. லாம்பைக் கிட்டே பிடித்துப் பார்த்தால் பெருவிரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஆண்டவரே, இன்னும் கொஞ்சம், என்று கேட்டேன்.

மறுபடி பதுளைக்குப் போகிற நாள் வந்தது. விடியலில் ஜெபக்கூட்டத்து அக்கா வந்தார். பிரயாணம் போகிறவர்களுக்கு ஒலிவ எண்ணெய் பூசி ஜெபித்து அனுப்புவது எங்கள் சபையில் வழக்கம். ஜெபித்த எண்ணெய்ப் போத்தல் காலியாம். அக்காவின் கண் பலகையில் இருந்த மஞ்சள் டின்னில் விழுந்தது. "ஒலிவ மரமும் மரந்தான், இதுவும் மரந்தான்" என்று திறந்து, பெரிய கட்டியாக அள்ளி, மனைவியின் இரண்டு உள்ளங்கையிலும் சிலுவை போட்டு, விரல் நுனிவரை தேய்த்து, கண்ணீரோடு ஜெபித்தார். நாங்களும் ஆமென் சொன்னோம். எனக்கோ அவளுக்கோ ஒன்றும் தோன்றவில்லை. ஜெபித்துப் பூசியதைத் துடைப்பது எங்கள் பழக்கத்திலேயே இல்லை.

வழியில் அப்புத்தளையில் மூட்டம். பாதையில் மண் சரிந்திருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போனது. நாங்கள் உள்ளே நுழையும்போது வரிசை முடிகிற நேரம்.

அவள் விரலை வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு. அதிகாரியம்மா மெஷின் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, கண்ணாடி எல்லாம் கொழகொழவெண்டு கிடக்கு. கையில என்ன பூசிக்கொண்டு வந்தனீங்கள்?"

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

"கெதியாப் போய்க் கழுவிக்கொண்டு வாங்கோ. பூட்டுறதுக்குள்ள வந்தால் எடுப்பன். இண்டைக்கு விட்டால் இனி அடுத்த மாதம்தான்."

அடுத்த மாதம் என்றால் பிரசவம் முடிந்துவிடும்.

வாசல் குழாயில் தண்ணீர் ஐஸ் மாதிரி வந்தது. அந்தக் குளிரில் வெண்ணெய் இன்னும் இறுகிப் பிடித்தது. சவர்க்காரத் துண்டால் உரசினாள். போகவில்லை. நான் தரையில் கிடந்த கல்லை எடுத்து நீட்டினேன். "ஐயோ, மறுபடி தோலு பிஞ்சிருங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையைப் பார்த்தாள். அங்கே ஒருவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்குள் பாதையைக் கடந்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு பிடி கடலை மாவு குடுங்க. காஞ்ச மாவு."

"பஜ்ஜி வேணுமா, மாவு வேணுமாம்மா?"

"மாவு. கை கழுவ."

அவர் என்னைப் பார்த்து, "வீட்டுல ஏதும் சண்டையாங்க?" என்றார். ஆனாலும் கொடுத்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மாவு போட்டுத்தானே தலை அலசுவாள்! அதே கைப்பழக்கம். உலர்ந்த மாவை விரல் விரலாக உருட்டித் தேய்த்தாள். வெண்ணெயை எல்லாம் மாவு இழுத்துக்கொண்டு திரிதிரியாக உதிர்ந்தது. கடைக்காரரே சுடுதண்ணீர் ஊற்றினார். என் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கதவருகில் பியோன் சாவியோடு நின்றான். அதிகாரியம்மா எழுந்திருக்கவில்லை. இடது கை, ஒவ்வொன்றாகப் பச்சை. வலது சுட்டுவிரல், பச்சை. பெருவிரல் சிவப்பு. கொழுந்து கிள்ளுகிற விரல் அது. அந்த அம்மா தன் கையை அவள் விரலின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். "ஆடாதேங்கோ." எனக்கு ஜெபம்கூட வரவில்லை. மகளின் பெயர்தான் வாயில் வந்தது.

பச்சை.

லயத்துக்கு வந்ததும் அக்கா ஓடி வந்தார். "ஜெபம் கேட்டுச்சா தங்கச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "கேட்டுச்சுக்கா. கடலை மாவு வழியா கேட்டுச்சு." அக்காவுக்கு விளங்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்போட் வந்தது. டின்னில் மிச்சம் இருந்ததை மகளின் வயிற்றுக்கும் காலுக்கும் என்று சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனாள். பேத்தி பிறந்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம், கர்த்தருக்குத் துதி.

நேற்று போனில், குழந்தை என்ன செய்கிறது என்று கேட்டேன். தூங்குகிறது என்றாள். நீ என்ன செய்கிறாய் என்றேன்.

"கன்னத்தைத் தடவிக்கிட்டு இருக்கேங்க" என்றாள். "முழிக்கவே இல்ல."