வைஜயந்தியின் ஏழு நாள் அறை

திருவள்ளூரில் எங்கள் அடுத்த அகத்து மாட்டுப்பெண் வைஜயந்தி படம் போடுவாள். இதைச் சொல்லக் கூச்சமில்லை. அதற்கென்று அவளுக்கு ஓர் அறை கிடைத்த விதத்தைச் சொல்லத்தான் கூச்சம். அந்த யோசனையைக் கொடுத்தவள் நான்.

கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் பண்ணும் பராசரனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்தது எழுபத்திரண்டில். பிறந்த வீட்டிலேயே பென்சிலும் கையுமாக இருந்தவள். இங்கே எங்கே உட்காருவது? கூடத்தில் காகிதத்தை விரித்தால், பெருமாளைச் சேவிக்க வந்த விருந்தாளிகள் அதன்மேலேயே இலையைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மாடியில் விரித்தால் வடாம் வந்து உட்காரும். ஒருமுறை அவள் வரைந்த தேரைச் சுருட்டி மாமியார் ஹேமாம்புஜம் அடுப்பு மூட்டிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை; அது தேர் என்று தெரியவில்லை.

அந்த அகத்தில் யாரும் கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்று: கொல்லைக் கோடியில், தூரமான பெண்கள் மூன்று நாள் உட்காரும் அறை. தீட்டு என்று ஆண்கள் அந்தத் திசையையே பார்க்கமாட்டார்கள். எவ்வளவு சின்ன அறை என்றால், காலை நீட்டிப் படுத்தால் பாதம் திருத்தணியில் இருக்கும்.

“மூணு நாளை ஏழாக்கிக்கோயேன். யார் எண்ணப் போறா?” என்றேன்.

“பாவமில்லையா மாமி?”

“பாவம்னா பாதியை என் தலையில போடு.”

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் செய்தே விட்டாள். சன்னலை அடைத்திருந்த தகரத்தைப் பிடுங்கினாள். வெளிச்சம் போதாமல் சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்தாள். கேட்டதற்குப் பூச்சி என்றாள். செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, கொட்டாங்கச்சிகளில் வர்ணம் கரைத்து வைத்தாள். கொல்லை பெருக்க வரும் முத்தம்மாவின் தம்பி தேசப்பனுக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை. மெஷின் வந்த பெட்டிகளின் பிளைவுட்டை அவன் கேட்டு வாங்கித் தருவான். முத்தம்மா வரட்டிக் கூடைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். முடிந்த படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். பெருமாளை மட்டும் அந்த அறையில் போடுவதில்லை என்று வைஜயந்தி தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள்.

மாதத்துக்கு ஏழு நாளாக ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த ஏழு நாளும் ஹேமாம்புஜம்தான், அறுபத்துநான்கு வயதில், தனியாகத் தளிகை பண்ணுவாள். தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்று, “சாப்பிடு கொழந்தே” என்பாள்.

எழுபத்தைந்து ஆடியில் ஒருநாள், ஆரணியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஹேமாம்புஜம் பஸ் ஏறினாள்; ராத்திரியே திரும்பிவிட்டாள். மறுநாள் காலை முத்தம்மா அறைச் சன்னலில் வந்து நின்றாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒங்க மாமியாரு ஆரணிக்குப் போவல. என்னிய இட்டுக்கினு பெரியபாளையம் போச்சு.”

“அம்மனுக்கா? அம்மாவா?”

வைஜயந்தி நம்பவில்லை. நானும்தான். வேறு கோயில் கோபுரத்தின் நிழல் மேலே பட்டால்கூடத் தலைமுழுகுகிறவள் ஹேமாம்புஜம்.

“பொடவ மேல வேப்பல சுத்திக்கினு கோயில சுத்தி வந்துச்சு. முட்டி மடங்கல, நான்தான் புட்ச்சிக்கினேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு.”

“எதுக்கு முத்தம்மா?”

“இன்னாம்மா கேக்கற? ஏழு நாளு ஒக்காந்துக்கினு கீறியே, ஒனக்குப் பெரும்பாடுன்னு நெனச்சிக்கிச்சு. பொண்ணு ஒடம்புல ரத்தமே இருக்காதுன்னு பஸ்ஸுல ஒரே அழுவ. நான் இன்னா சொல்லுவேன், பலகை கொண்டாந்து குட்த்ததே நானு.”

கையிலிருந்த புடவையைக் கொடியில் போட்டது போட்டபடி நான் உள்ளே போய்விட்டேன். மதில் அவ்வளவு உயரமில்லை. வைஜயந்தி திரும்பினால் என் முகம் தெரிந்துவிடும்.

அவள் அன்றே சொல்லிவிட்டாள். அது ஐந்தாம் நாள். தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு சமையலறையில் போய் நின்று, “அம்மா, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லே. மூணு நாள்தான். பாக்கி நாளெல்லாம் படம் போட்டுண்டிருந்தேன்” என்றாள். என் பேரைச் சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இதுவரைக்கும் வரவில்லை.

ஹேமாம்புஜம் வெகுநேரம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

“நான் போனது பராசரனுக்குத் தெரியுமோ?”

“தெரியாதும்மா.”

“தெரிய வேண்டாம். பெருமாளுக்குத் தளிகை பண்றவன்.”

மாமியார் தலையும் நிமிரவில்லை, மாட்டுப்பெண் தலையும் நிமிரவில்லை. வைஜயந்தி வர்ணத்தையெல்லாம் கொட்டிவிட்டாள். அடுத்த மூன்று மாதமும் மூன்று நாள் முடிந்ததும் குளித்துவிட்டு உள்ளே வந்தாள். நாலாம் மாதம் அப்படிக் குளிக்கக் கிளம்பியபோது ஹேமாம்புஜம் எட்ட நின்று தடுத்தாள்.

“எங்கே கெளம்பிட்டே? இன்னும் நாலு நாள் இருக்கு.”

“வேண்டாம்மா.”

“ஊர்ல எல்லார்கிட்டயும் ஏழுன்னு அழுதிருக்கேன். இப்போ மூணுன்னு எந்த மூஞ்சிய வெச்சிண்டு சொல்வேன்? உள்ளே போய் உட்காரு.”

வைஜயந்தி உட்கார்ந்தாள். மிச்சமிருந்தது ஒரு பென்சிலும் படம் போடாத ஒரு பலகையும்தான். சன்னலுக்கு வெளியே ஹேமாம்புஜம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வைஜயந்தி அதையே போட ஆரம்பித்தாள். கயிறு வந்தது, கை வந்தது, வளைந்த முதுகு வந்தது. முகம் போடுவதென்றால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். நாலு நாளில் அவளால் அது முடியவில்லை.