கைதிக்குப் பலகாரம் கொண்டுபோகாத லியோனா ஹாக்கெட்

இந்தியானா மாநிலத்துப் பெல்லோஸ்பர்க் நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்த லியோனா ஹாக்கெட் ஒரே ஒருமுறைதான் சட்டத்தை மீறினார். தங்கை ஐடாவுக்கு எழுதிய கடிதமொன்றில் அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். வேறு சான்று இல்லை.

1923 மார்ச் மாதம், மாவட்ட ஏழை முதியோர் விடுதியில் நோயில் செத்த மாடுகளின் இறைச்சி பரிமாறப்படுவதாக அதன் சமையல்காரர் கிராண்ட் ஜூரி எனும் குடிமக்கள் விசாரணைக் குழுவின் முன் மூடிய அறையில் வாக்குமூலம் கொடுத்தார். அங்கே சொன்னது வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதை எழுதிக்கொண்டவர் லியோனா. விடுதிக் கண்காணிப்பாளர் நீதிபதி தார்ன்பரோவின் மைத்துனர் என்பதால் ஜூரியினர் அதைக் கிடப்பில் போட்டார்கள். லியோனா ரகசியமாக ஒரு நகல் தட்டச்சு செய்து, தேவாலயப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, உள்ளூர் நாளிதழ் ‘கூரிய’ரின் நிருபர் எம்மெட் குவேலிடம் கொடுத்தார்.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. குவேல் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டார்.

“கேள்வி காதில விழலையா?” என்றார் நீதிபதி. “மிஸ் ஹாக்கெட், திருப்பிப் படிங்க.”

லியோனா எழுந்து படித்தார்: “இந்த நகலை உமக்குக் கொடுத்தது யார்?”

குவேல் கூரையைப் பார்த்தார். “சொல்றதுக்கில்லைங்க ஐயா. அவங்க எத்தனை தடவை படிச்சாலும் இதே பதில்தான்.”

அதையும் லியோனா ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். பெயரைச் சொல்லும்வரை, அல்லது ஜூன் இறுதியில் ஜூரியின் காலம் முடியும்வரை, சிறை என்று தீர்ப்பாயிற்று. பெயர் வெளிப்பட்டால் அதே சிறைக்கு லியோனாவும் போகவேண்டியதுதான்.

யார் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தினமும் அச்சிடுவது ‘கூரிய’ரின் வழக்கம். தன் நிருபர் இப்போது சிறையில் குடியிருந்ததால், அங்கே வந்தவர்களையும் அது விடாமல் அச்சிட்டது: புதன்கிழமை, திருமதி ஓல்ட்ஃபீல்ட், வறுத்த கோழியுடன். தம் பெயரை அச்சில் பார்க்க ஊரே கிளம்பியது. குவேலைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதியின் மனைவியே எலுமிச்சைக் கேக்குடன் போய்வந்தார்.

மே மாதம் நீதிமன்றக் காவலர் ஹார்லன் ப்ரூயிட் செய்தித்தாளோடு வந்து நின்றார்.

“ஏம்மா லியோனா, இந்தக் கட்டடத்துல எல்லார் பேரும் வந்துடுச்சு. கூட்டிப் பெருக்கறவன்கூட ஊறுகாய் ஜாடியோட போயிருக்கான். உன் பேரைத்தான் காணோம்.”

“எனக்கு அவரைப் பழக்கமில்லையே.”

“எனக்கு மட்டும் என்ன, ஒண்ணுவிட்ட தம்பியா? நீதிபதி ஐயாவே கேட்டாரு, அந்தம்மா மட்டும் ஏன் போகலைன்னு.”

சந்தேகம் வரக்கூடாதென்று ஒதுங்கியிருந்த லியோனாவுக்கு, ஒதுங்கியதே சந்தேகமாகிவிட்டது புரிந்தது. சனிக்கிழமை ஆப்பிள் பை என்ற பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். வருகிறவர்களின் பெயர் எழுத, சிறையைப் பார்த்துக்கொள்ளும் ஷெரீஃபின் மனைவி நோட்டுப் புத்தகத்தோடு வாசலிலேயே நின்றார்.

“நீங்க யாருங்க?” என்றார் குவேல், கம்பிக்குப் பின்னாலிருந்து.

“ஹாக்கெட். கோர்ட்டுல எழுதறேன்.”

“ஓ, நீங்கதானா. அன்னிக்கு நீங்க படிச்ச படிப்பில நானே உளறியிருப்பேன்.”

ஷெரீஃபின் மனைவி சிரித்தார்.

“நடுவில கொஞ்சம் வேகலைன்னு நினைக்கிறேன்,” என்றார் லியோனா, தட்டை நீட்டி.

“கொடுங்க. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா, விட்டாலும் இந்தக் கதவு வழியா என் உடம்பு வெளிய வராது.”

திங்களன்று நீதிபதி பேப்பரை மடித்து வைத்தார். “நீங்களும் போயிட்டீங்க போல.”

“போகலைன்னா நல்லா இருக்காதுங்க ஐயா.”

“அதுவும் சரிதான்,” என்றார் அவர். அதன்பின் லியோனாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி குவேல் விடுதலையானார். தின்று பருத்ததில் அரைக்கோட்டின் பொத்தான்களைப் போட முடியவில்லை. பித்தளை வாத்தியம் முழங்க, மேயர் பத்திரிகைச் சுதந்திரம் குறித்து நாற்பது நிமிடம் பேசினார். விடுதிக்கு இறைச்சி கொடுத்த கசாப்புக்காரர் மாற்றப்பட்டார், கண்காணிப்பாளர் மாற்றப்படவில்லை.

பிறகு பதினைந்து ஆண்டுகள், தெருவில் குவேல் எதிரே வந்தால் லியோனா மறுபக்கம் கடந்துவிடுவார். அவர் நீதிபதியின் ஆள், குவேல் செய்தி போட்ட கோபம் இன்னும் தீரவில்லை என்று ஊர் முடிவுகட்டியது. 1938இல் குவேல் இறந்தபோது, அடக்கத்துக்குப் பிந்திய விருந்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேச்சு வந்தது.

“அந்த ஹாக்கெட்டம்மாவுக்குச் சொல்லாதீங்க,” என்றாராம் குவேலின் மனைவி. “இவரைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. பாவம், எதுக்குச் சங்கடப்படுத்தணும்?”

தபால் நிலையத்தில் யாரோ இதைச் சொன்னபோது லியோனா, “அவங்க சொன்னது சரிதான்,” என்றார். தங்கை ஐடாவுக்கு எழுதிய கடிதத்தின் உறையில் தபால்தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பினார்.