சித்தப்பாவின் மணிக்கட்டு

நான் மனமுருகிச் செய்த முதல் ஜெபம் ஒரு மணிக்கட்டுக்காக. அதற்கு முன்பும் ஜெபித்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்துச் சொன்னவை. இது நானாகக் கேட்டது. கர்த்தர் அதற்கு என்ன பதில் கொடுத்தார் என்று இத்தனை வயதாகியும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அந்த வருஷந்தான் சித்தப்பா பட்டாளத்தை விட்டு ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது யுத்தம் இன்னும் வரவில்லை. ஒரு தகரப்பெட்டி, ஒரு கம்பளி, பலாப்பிஞ்சு மாதிரி உப்பலாக இரண்டு தோல் கையுறைகள். இவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சொத்து. பட்டாளத்தில் அவர் குத்துச்சண்டைக்காரர். கொல்லையில் வேப்பங்கிளையில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, பஞ்சுக் கழிவை அதில் திணித்து, காலை ஜெபம் முடிந்ததும் குத்துவார். எத்தனை குத்து என்று எண்ணுவது என் வேலை. நூறுக்குப் பிறகு எனக்குக் கணக்குப் பிசகும். அவருக்குப் பிசகாது.

குத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது கதை சொல்லுவார். எல்லாம் ஒரே கதைதான். அமெரிக்காவில் ஒரு கறுப்பர் இருந்தாராம். ஹெவிவெயிட் என்று சொல்லும் கனத்த ஆட்களின் சண்டையில் அவரை அடிக்க ஆளே இல்லையாம். ஆனால் பட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் அவரோடு மோத ஒப்பவே மாட்டாராம். இன்றைக்குப் பணம் போதாது என்பாராம், நாளைக்குத் தேதி சரியில்லை என்பாராம். கறுப்பரும் விடாமல் கப்பல் ஏறிக் கப்பல் ஏறித் துரத்தி, கடைசியில் ஆஸ்திரேலியாவில் வைத்துப் பிடித்து ஜெயித்தாராம்.

“எதுக்கு சித்தப்பா அம்புட்டு சாக்கு சொன்னாரு?”

“தோக்குறது அவனுக்குப் பெரிசில்ல தாயி. யாருகிட்ட தோக்குறோம்கிறதுதான் பெரிசு.”

எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் சாக்குகள் மட்டும் வேத வசனம் மாதிரி மனப்பாடமாகிவிட்டன.

பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோடு ஒரு தடவையாவது மோதிவிட வேண்டும் என்று சித்தப்பா பல வருஷம் கேட்டிருக்கிறார். அதிகாரிகள் விடவில்லை. அந்தக் குறை அவருக்குள் கனன்றுகொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை ஒட்டி ஒரு கார்னிவல் வந்து இறங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரக் குத்துச்சண்டைக்காரர். யாரும் எதிர்க்கலாம் என்று நோட்டீஸ். சித்தப்பா நோட்டீஸை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். “இத விட்டா எனக்கு வேற நாள் இல்லண்ணே” என்று அப்பாவிடம் சொன்னார்.

தேருக்குப் போகக்கூடாது, தேருக்காக வந்த கார்னிவலுக்குப் போகலாம் என்பது அப்பாவின் சட்டம். ஏழு மைல் பஸ்ஸில் போனோம். தொப்பி வைத்த மானேஜர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எடை கம்மியா இருக்கீகளே. அடிபட்டா கம்பெனிக்கில்ல கெட்ட பேரு” என்றார். சித்தப்பாவின் எடையை எங்கள் வீட்டுக் கட்டில் அறியும். மறுநாள் போனோம். “உறை இல்லையே. இருக்கிறது எங்க ஆளுக்கு அளவெடுத்தது” என்றார்.

“எங்கிட்ட இருக்கு. சனிக்கிழமை கொண்டாரேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “அவனுக்கு உறையும் பெரிசில்ல, எடையும் பெரிசில்ல தாயி. நம்ம தோலுதான் அவனுக்கு உறுத்துது.”

அவருடைய உறையில் ஒன்று தையல் விட்டிருந்தது. தைப்பதற்கு செருப்புத் தைப்பவர்கள் குடியிருந்த ஓடைத் தெருவிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். அவரை எல்லோரும் ரங்கூன் என்பார்கள்; அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்து திரும்பியவர். எங்கள் சபைதான். ஆராதனையில் கடைசியில் பாய் போட்டு உட்காருவார். அன்றைக்கு வீட்டில் நான் உள்பட எல்லோரும் அவரை அவன் என்றுதான் சொன்னோம். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

அவர் கொல்லைப் படல் வழியாக வந்தார். சித்தப்பா உறையைத் துவைகல்லின்மேல் வைத்தார். ரங்கூன்காரர் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டார். மெழுகு தேய்த்த நூலால் தைத்து முடித்ததும், பிடிக்கிறதா என்று பார்க்கக் கையில் மாட்டினார். தொங்கிய சாக்கைப் பார்த்தார். ஒரே குத்து. சித்தப்பா குத்தினால் சாக்கு ஊஞ்சல் மாதிரி ஆடும். இவர் குத்தியபோது அது ஆடவில்லை. நடுவில் மடிந்து, கிளை முறுகி, வேப்பம்பழம் பொலபொலவென்று உதிர்ந்தது.

“ரங்கூன்ல கப்பக்காரங்களோட சண்டை போடுவேன்யா” என்று வெட்கப்பட்டார். “சனிக்கிழமைக்கு முன்ன ஒங்களுக்கும் ஒரு பழக்கம் வேணுமில்ல? செத்த நேரம் நாம ரெண்டு பேரும் நின்னு பாப்பமாய்யா?”

எண்ணுவதற்கு விரலை மடக்கித் தயாரானேன்.

சித்தப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மணிக்கட்டு சுளுக்கிக் கெடக்கப்பா. பொறவு பாப்போம்.”

அவர் தலையாட்டிவிட்டு, உறையைத் துவைகல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். “நல்ல வேள தம்பி. அவன் கை ஒங்க மூஞ்சியில பட்டா நாம தெருவுல நடக்க வேண்டாமா?”

அடி பலமாக விழும் என்று அம்மா பயப்படுகிறாள் என நினைத்தேன். உப்பும் புளியும் காய்ச்சிச் சித்தப்பாவுக்குப் பற்றுப் போட ஓடினேன். வலது கையை நீட்டினார். மறுநாள் காலையில் இடது கையை நீட்டினார்.

“நேத்து அந்தக் கையில்ல சித்தப்பா?”

“சுளுக்கு ஓடும் தாயி.”

சுளுக்கு ஓடும் என்று நானும் நம்பினேன். இரண்டு கையிலும் ஓடும் சுளுக்கை வைத்துக்கொண்டு சனிக்கிழமை வெள்ளைக்காரரை எதிர்க்கப் போகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு உறையோடு போனோம். ரங்கூன்காரரும் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். ஏழு மைலும் நடந்து வந்திருக்கிறார். “தையல் பிடிக்கான்னு பாக்க வந்தேன்யா” என்றார். சித்தப்பா சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். உறையை மாட்டினார். அவருடைய விலா ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானேஜர் தகரக் குழாயை வாயில் வைத்து அறிவித்தார்: “மகா ஜனங்களே, துரைக்கு இன்னைக்கு மணிக்கட்டு சுளுக்கு. பதிலா கரடி சைக்கிள் ஓட்டும்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “சித்தப்பா! ஒங்களுக்கு மாதிரியே அவருக்கும் சுளுக்கு!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நல்ல ஜோடிதாம்ப்பா!” என்று ஒருவர் சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. மானேஜரை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மேடைக்குப் போகத் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். அவர் கண் கூட்டத்தின் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது.

ரங்கூன்காரரும் சிரிக்கவில்லை. “தையல் விடாதுய்யா. எப்ப வேணும்னாலும் போடலாம்” என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்க்க நடந்தார். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் இடம் இருந்தது.

வெகுகாலம் கழித்து, என் மகன் ஒரு பழைய பத்திரிகையை வாசித்துக் காட்டினான். அந்த அமெரிக்கக் கறுப்பர் பட்டம் ஜெயித்த பிறகு, அவரோடு மோத மற்றக் கறுப்பர்கள் வந்து கேட்டார்களாம். பட்டம் கையில் இருந்தவரைக்கும் அவர்களில் நல்ல பலசாலிகளை அவர் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தே வந்தாராம். அந்தப் பாதியைச் சித்தப்பா எனக்குச் சொன்னதில்லை. தெரிந்து சொல்லவில்லையா, தெரியாமலா என்று கேட்க அவரும் இப்போது இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபத்தில் என் முறை வந்தது. முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடி, அழுதுகொண்டே கேட்டேன்.

“ஆண்டவரே, சித்தப்பாவோட மணிக்கட்டையும் வெள்ளைக்காரரோட மணிக்கட்டையும் சீக்கிரமா சொஸ்தமாக்கும். வெள்ளைக்காரர் சித்தப்பாவோட சண்டை போடணும். சித்தப்பா ரங்கூனோட சண்டை போடணும். யேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே.”

எல்லோரும் ஆமென் சொல்லும்வரைக்கும் கண் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவின் ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது. அம்மாவுடையது முணுமுணுப்பாக வந்தது. சித்தப்பாவின் ஆமென் வரவே இல்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் எனக்குப் பக்கத்தில் கேட்டது.

நான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல், இன்னும் உரக்க, முதலிலிருந்து மறுபடியும் ஜெபிக்க ஆரம்பித்தேன்.