எலி விழுந்த வீட்டில் இத்தா

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் சந்தை சந்தையாகப் போய்ப் புளி வாங்கி விற்பவர். ஒரு நாள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி குடை சாய்ந்தது. மூட்டைகளுக்கு அடியில் அவர் கிடந்தார். வீட்டுக்கு உயிர் போன மையித்தாகத்தான் வந்தார். வீட்டில் மிஞ்சியது நான், என் மாமியார், நடை பழகும் என் மகள். மூன்று பேர்.

எங்களில் புருஷன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைப் புடவை. நகை கிடையாது. அவரோடு வாழ்ந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. இது மார்க்கம் சொன்னது. அதற்கு மேல் ஊர் சேர்த்துக்கொண்டதும் இருந்தது. சன்னல் திறக்கக் கூடாது. ஆகாயம் பார்க்கக் கூடாது. இத்தா முறிந்தால் கபர்க் குழியில் கிடப்பவருக்கு வேதனை. எது மார்க்கம், எது ஊர்ப் பேச்சு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாமிக்கும் தெரியாது. மாமி தன் புருஷனுக்கு இத்தா இருந்ததும் அதே இருட்டறையில்தான்.

பாதி நாள்கூட முடியவில்லை. எலி விழ ஆரம்பித்தது.

பிளேக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். ஓசூர்ப் பக்கம் அடிக்கடி வரும். முதலில் எலி சாகும். ஓட்டிலிருந்து தொப்பென்று விழுந்து, கிறுகிறுத்துச் சுற்றி, வாயைத் திறந்து செத்துவிடும். அடுத்து மனிதர்களுக்குக் காய்ச்சல். அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். அதற்கப்புறம் தப்பினவர் குறைவு.

எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுவண்டிக்காரர் வீடு. அவர் மனைவி சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னாள்.

"பாயம்மா, எங்க வூட்டு அடுப்பாண்ட ரெண்டு வுழுந்துச்சி. நாங்க கெளம்பறோம். நீங்களும் கெளம்புங்க."

தண்டோராவும் போட்டார்கள். எல்லாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டுக்காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அறைக்குள் இருந்து நான் சத்தத்தை மட்டும் கேட்டேன். வண்டிச் சத்தம், பாத்திரச் சத்தம், கூடையில் போட்ட கோழிகளின் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் ஓய்ந்தது. அவ்வளவு நேரம் எனக்குப் பயம் இல்லை. சத்தம் நின்றதும் வந்தது.

மாமி சொன்னாள்: "நாம போவ முடியாது. நீ இத்தாவுல இருக்க."

நான் குழந்தையைப் பார்த்தேன். அப்புறம், நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். மாமி தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். பால் மறக்காத பிள்ளை. மூச்சு அடங்கிப்போகிற மாதிரி கத்தியது. மாமி திரும்பி வந்து என் மடியில் போட்டாள்.

"உன்னத் தனியா வுட்டுட்டு நான் எங்க போறது" என்றாள்.

தலையாரி வந்து கதவைத் தடியால் தட்டினான்.

"ஆயா, உள்ள இன்னும் என்ன பண்றீங்க? வூட்டுக்கு வூடு பூட்டச் சொல்லிட்டாரு மணியக்காரரு."

"பூட்டிக்க. உள்ள நாங்க இருக்கோம், வெளிய நீ பூட்டிக்க."

"மருமவளக் கூட்டிக்கினு வாங்க ஆயா."

"அவ இத்தாவுல இருக்கா."

"அது எலிக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியாததுல வாய வெக்காத. போடா."

அவன் போய்விட்டான். தெருவில் நாங்கள் மட்டும்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு இமாம் இருந்தார். இளவயது. வேறு ஊர்க்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்களை மேட்டுக்காட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பள்ளிவாசலிலேயே தங்கிவிட்டார். சாகிறவர்களைக் குளிப்பாட்டி அடக்க ஆள் வேண்டுமே. எங்கள் வீட்டில் புகை வருவதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"பெரியம்மா, நீங்க ஏன் போகல?"

மாமி காரணம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "உசுருக்குப் பயம்னா வெளிய போலாம்னுதான் படிச்ச ஞாபகம்" என்றார்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாபகமா? என் மவன் கபுருல கெடக்கான். உன் ஞாபகத்த நம்பி அவனுக்கு வேதன வாங்கிக் குடுக்கச் சொல்றியா?"

வேறு ஒருவராக இருந்தால் நான் படித்தவன், நான் சொல்கிறேன் என்று அடித்துப் பேசியிருப்பார். இவர் அப்படிப் பேசவில்லை.

"நெசந்தான் பெரியம்மா. எனக்குத் திட்டமாத் தெரியல. கிருஷ்ணகிரியில மார்க்கம் நல்லாப் படிச்ச பெரிய அசரத்து இருக்காரு. கேட்டுட்டு வரேன்."

பிளேக் ஊர் என்று பஸ்கள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. நடந்துதான் போனார்.

அவர் போனபின் இருந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. பகலிலேயே அறை இருட்டு. அதுவரை ஓட்டுக்கு மேல் எலிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டது. நான் அண்ணாந்து ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. கழுத்து வலித்தது. குனியப் பயம்.

சமையலறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒன்று விழுந்தது. பெரிய எலி. சுவரில் முட்டி முட்டிச் சுற்றியது. மாமி அதன்மேல் சாம்பலைக் கொட்டினாள். அடங்கியதும் இடுக்கியில் எடுத்துக் கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். உள்ளே வந்து கை கழுவினாள். இப்போதாவது போகலாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. குழந்தையின் கையைத் தூக்கி அக்குளைத் தடவிப் பார்த்தாள். தொடை இடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கி, "எனக்கும் பாரு" என்றாள். பார்த்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது.

மாமி ஓதிக்கொண்டே அசந்துவிட்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். தெருவில் ஆள் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? திறக்க முடியவில்லை. மாமிக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. மண்ணுக்குள் இருக்கிற மனிதரை நினைத்துப் பயம். ஒரு பக்கம் எலி, ஒரு பக்கம் அவர். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இமாம் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானமும் வரவில்லை. வழியில் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். வெயில் சாயும் அசர் தொழுகை நேரத்துக்குத்தான் தெருவில் குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல்.

"பெரியம்மா, கேட்டுட்டேன். போலாம். போகணும்."

மாமி கதவைத் திறந்தாள். அவர் வாசலில் நின்றே சொன்னார். வீடு இடிந்தாலும் தீப்பிடித்தாலும் இத்தாவில் இருப்பவள் வெளியே வரலாம் என்று முன்னோர் எழுதி வைத்திருக்கிறார்களாம். உயிருக்குப் பயம் என்றால் எல்லாம் ஒன்றுதான். எங்கே போய் இறங்குகிறாளோ அதுதான் இனி அவளுக்கு இத்தா வீடு. மிச்ச நாளை அங்கே இருந்து முடிக்க வேண்டும். இத்தா முறியாது.

மாமி விடவில்லை. "கொள்ள நோயி வந்த ஊர வுட்டு ஓடக் கூடாதுன்னு சொல்லுவாங்களே?"

"மேட்டுக்காடு நம்ம ஊரு எல்லதான் பெரியம்மா. காத்தாடப் போயி இருக்கறது ஓடிப்போறது ஆகாது."

மாமி பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என் மவனுக்கு?"

"ஒண்ணும் வராது. அதையும் கேட்டேன். இவங்க போறதுக்கு அவரு மேல குத்தம் எழுத மாட்டாங்க."

மாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மகன் இறந்த அன்றுகூட அவள் சத்தம் போட்டு அழவில்லை. இப்போது அழுதாள்.

அவர் போகவில்லை. இன்னொன்றும் சொன்னார். கொட்டகைக்குப் பிளேக் ஊசி போடுகிறவர் வருவார். அந்நிய ஆண் என்று மறுக்க வேண்டாம். திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினால் போதும்.

"இத நீங்க கேக்கச் சொல்லல. பாதி வழி வந்ததும்தான் தோணுச்சி. திரும்பிப் போயிக் கேட்டேன். அதான் நேரமாயிடுச்சி."

பாதி வழியில் இருந்து திரும்பி நடந்திருக்கிறார். எனக்கு ஊசி போடலாமா என்று கேட்க.

அப்படியே மேட்டுக்காட்டுக்குப் போய் வண்டிக்காரரை அழைத்து வந்தார். அந்தத் தெருவுக்குள் வர யாருக்குத் துணிச்சல் வரும்? பக்கத்து வீட்டுக்காரரான அவர் வந்தார். வண்டியின் பின்பக்கத்தை எங்கள் நிலைப்படியோடு ஒட்டினார். இரண்டு பக்கமும் கம்பளி கட்டினார். தெருவில் கால் வைக்காமலே நான் ஏறலாம். கட்டிவிட்டு முன்னால் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றார்.

"ஆயா, நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். மாட்டயும் திருப்பிப் புடிச்சிருக்கேன். ஏறச் சொல்லுங்க."

அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி கதவைப் பூட்டினாள். வழி நெடுக வண்டிக்காரர் வண்டியில் உட்காரவே இல்லை. மாட்டோடு நடந்தே வந்தார். கம்பளி இடுக்கில் நான் பார்த்ததெல்லாம் பூட்டிய கதவுகள்.

சோளத்தட்டையில் கட்டிய கொட்டகை. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டினார்கள். அதற்குள் நான். ஊசி போடுகிறவர் வந்தார். கையை நீட்டினேன். குழந்தைக்கும் போட்டார்கள். அன்றே இருவருக்கும் காய்ச்சல் கண்டது. ஊசிக் காய்ச்சலா, அந்தக் காய்ச்சலா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அக்குளைத் தடவித் தடவிப் பார்த்தாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. நெறி கட்டவில்லை. காய்ச்சல் இறங்கியது. குழந்தை கஞ்சி கேட்டு அழுதது. அந்த அழுகை போல ஒரு சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

பள்ளிவாசலில் இருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் ஏரியைத் தாண்டி எங்களுக்கு மெல்லக் கேட்கும். காற்று அடித்தால் நன்றாகவே கேட்கும். ஊரில் தொழ ஆள் இல்லாவிட்டாலும் இமாம் ஒரு வேளை விட மாட்டார். கொட்டகையில் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்போம்.

ஒரு நாள் விடியலில் அது கேட்கவில்லை.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குதோ" என்றேன். மாமி வெளியே போய் நின்றுகொண்டாள். மத்தியானத் தொழுகை லுஹருக்கும் கேட்கவில்லை. ஆண்கள் சிலர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரரும் போனார். திரும்பி வந்தபோது சாயங்காலம். இமாமுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்ததாம். உயிர் இருந்ததாம். இவர்களை உள்ளே வராதீர்கள் என்று கையைக் காட்டினாராம். அவ்வளவுதான்.

அவரை அடக்கியது ஏரிக்கரைக் கபர்ஸ்தானில். அவருடைய ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வயதான மனிதர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அவரைப் பெற்ற அத்தாவாக இருக்கும்.

என் இத்தாவை அந்தக் கொட்டகையிலேயே முடித்தேன். நோய் ஓய்ந்து ஊர் திரும்பினோம். மகள் வளர்ந்தாள். கட்டிக் கொடுத்தேன். இப்போது அவளுக்கே பேரப் பிள்ளைகள். மாமி உயிரோடு இருந்த வரை ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகத் துஆ கேட்டாள். எங்கள் வாசலில் நின்று பேசிய அன்றுதான் அவருக்கு அந்த நோய் ஒட்டியதா என்று ஒரு தடவை மாமியிடம் கேட்டேன். "கேக்காத" என்றாள். நானும் பிறகு கேட்கவில்லை. ஆனால் நினைக்காத நாள் இல்லை.

இன்றைக்கும் என் வீட்டில், என் தெருவில், மார்க்கத்தில் இது கூடாது, அது கூடாது என்று சட்டென்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உள்ளுக்குள் பழைய பயம் எழும்பும். தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேனே, அந்தப் பயம். கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாயா என்று மட்டும் கேட்பேன்.

நான் இத்தாவில் இருந்ததால் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எங்களுக்காக நடந்த அந்த மனிதரின் குரலை வைத்துத்தான், மார்க்கம் என்று யார் என்ன சொன்னாலும் நான் இன்றுவரை அளந்து பார்க்கிறேன்.