கதவடியில் போட்ட கோலம்

நான் சந்தேகப் பிறவி. முதலே சொல்லிப்போட்டன், பிறகு ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. முப்பது வருசம் வங்கியில இருந்து மற்றவையின்ர கையெழுத்தை உத்துப் பாத்து, உண்மையோ கள்ளமோ எண்டு சொன்னவள். ஓய்வெடுத்த பிறகு உத்துப் பாக்க ஒண்டுமில்லாமல் போச்சு. மனுசனும் போய்ச் சேந்திட்டார், பிள்ளையள் கனடாவில. அதுதான் வெள்ளவத்தையில எங்கட அடுக்குமாடிப் பிளட்டின்ர மொட்டைமாடியில சட்டி வைக்கத் தொடங்கினன்.

பெயின்ட் வாளி, வெடிச்ச பேசின், அரிசி வந்த பை எண்டு கையில அகப்பட்டதிலெல்லாம் நட்டன். கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய், வல்லாரை, ஒரு பாகல் கொடி. கடல் கிட்ட எண்டபடியால் உப்புக்காத்து இலைக் கரையைக் கருக்கிப்போடும். அதுக்காக விடிய எழும்பி ஒவ்வொரு இலையாக் கழுவி விடுவன். பைத்தியம் எண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை. கரையோரத் தண்டவாளத்தில கோச்சி கூவிக்கொண்டு போகேக்க பாகல் பூவுக்குள்ள ஒரு தேனீ தலைகீழாக் கிடந்து உருளும். தண்ணித் தாங்கிக்கு மேல ஒரு செண்பகப் பறவை வந்திருந்து சிவப்புக் கண்ணால என்னைப் பாக்கும். அந்த நேரம் எனக்கு ஒருத்தரும் தேவையில்லை. உண்மையாவே சந்தோசமா இருந்தனான்.

அந்தச் சந்தோசத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கீழ்வீட்டுக்காரர்தான் பிளட் கமிட்டித் தலைவர், கண்டிப்பான மனுசன். "அக்கா, டெங்குக்காரர் வந்து ஒரு நுளம்புப் புழு கண்டாலும் முழுச் சட்டியும் கீழ இறங்கோணும்" எண்டு சொல்லித்தான் அனுமதி தந்தவர். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு மனசுக்குள்ள சிரிச்சன். நுளம்பு வாறது வாய்க்கால் ஊத்தையில. நான் சட்டியளுக்குக் கீழ வைச்சிருந்த ஐஸ்கிறீம் பெட்டி மூடியளில நிண்டது பைப்பில வந்த சுத்தமான தண்ணி. உச்சி வெயிலிலயும் செடி வாடாமல் நிக்கிறதே அந்த மூடித் தண்ணியாலதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பாக்கிறன், மூடி முழுக்கக் கவிண்டு கிடக்குது. காகத்தின்ர வேலை எண்டு நினைச்சன். ஆனா காகம் சட்டியைத் தூக்கி, மூடியைக் கவிட்டு, திரும்பச் சட்டியை அதுக்கு மேல நேரா வைக்குமோ? மனுசக் கை! நான் விடிய ஊத்தி நிரப்பிறதும், கிழமைக்கு ரெண்டு தரம் அது கவிண்டு கிடக்கிறதுமாப் போச்சு. முதலாம் மாடி ரீச்சரைச் சந்தேகப்பட்டன், என்னட்டக் கறிவேப்பிலை கேட்டு நான் ரெண்டே ரெண்டு நெட்டுக் குடுத்த கோபம் அவவுக்கு இருந்தது. ஆனா அவ படி ஏறிற ஆளில்லை.

ஒருநாள் பத்து மணிபோல, மறந்துவிட்ட கத்தரிக்கோலை எடுக்க மேல போறன். மூண்டாம் மாடி அண்ணை இறங்கி வாறார். கொட்டாஞ்சேனையில இருந்து மகளோட புதுசா வந்தவர். துறைமுகத்தில வேலை செய்தவர், எழுபது இருக்கும். கழுத்தில செபமாலை. இடது முழங்கால் சரியில்லை, கைபிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியாத்தான் இறங்குவார். ஈரக் கையைச் சாரத்தில துடைச்சுக்கொண்டு வாறார்.

"எங்க அண்ணை, இந்தப் பக்கம்?"

"சும்மா தங்கச்சி, காத்து வாங்க." என்ர முகத்தைப் பாக்கேல்ல.

ஆ, அகப்பட்டார்! முழங்கால் நோகிற மனுசன் மூண்டாம் மாடியில இருந்து மேல ஏறிக் காத்து வாங்கிறாராம். அவையின்ர பல்கணியில காத்தில்லையோ? மகள் உடுப்புக் காயப்போட இடம் காணாது எண்டு கமிட்டியில முறைப்பட்டதும் ஞாபகம் வந்தது. எல்லாம் பொருந்திச்சுது. மூடித் தண்ணியைக் கவிட்டு ஊத்திச் செடியைக் காயவிட்டால் இடம் தன்பாட்டில வெளிக்கும்.

நேரில கேட்டிருக்கலாம். கள்ளக் கையெழுத்துப் போட்டவனிட்ட நீயோ போட்டனீ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லுவானோ? அத்தாட்சி வேணும். அதுக்குத்தான் அரிசிமாவை எடுத்துக்கொண்டு போய், மொட்டைமாடிக் கதவைத் திறந்தவுடன கால் வைக்கிற இடத்தில ஒரு கோலம் போட்டன். பாக்கிறவைக்கு நான் பக்தியான மனுசி. எனக்கு அது கால்தடம் பிடிக்கிற பொறி. சாமி காரியத்தை இப்பிடிப் பாவிக்கலாமோ எண்டு ஒருக்கா மனம் உறுத்தினதுதான், ஆனா கை நிக்கேல்ல.

பின்னேரம் போனால் கோலம் போட்டபடியே கிடக்குது. மூடியெல்லாம் கவிண்டிருக்கு! அடுத்த தரம் பெரிசாப் போட்டன். அதுக்கடுத்த தரம் இந்தச் சுவரில இருந்து அந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில ஓடுற தண்ணிக் குழாய் வரைக்கும் இழுத்துவிட்டன். ஒரு கோடு கலையேல்ல. எறும்பு மட்டும் மாவைக் காவிக்கொண்டு போகுது. மூடியள் வழமைபோலக் கவிண்டு. அட, இந்தாள் பறக்கிறாரோ? சரியான எத்தன் எண்டு பல்லைக் கடிச்சன்.

கடைசியில, பாதுகாப்புக்கு எண்டு கமிட்டியில கதை சொல்லி, கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொழுவினன். திறப்பு என்ர கைப்பையில. அதுக்குப் பிறகு ஒரு மூடி அசையேல்ல. மழையும் பிடிச்சுது. ரெண்டு கிழமையில பாகல் மூண்டு பிஞ்சு விட்டுது. பாத்தியே, ஆளை வெளியில விட்டுப் பூட்டினவுடன காய்க்குது எண்டு அந்தப் பிஞ்சுகளைத் தடவித் தடவிச் சொன்னன்.

டெங்குக்காரர் வந்தது ஒரு புதன்கிழமை காலமை. தலைவர் அவையை நேர மேல கூட்டிக்கொண்டு வந்தார். நானே பெருமையாத் திறந்துவிட்டன். சீருடை போட்ட பிள்ளை ஒண்டு கறிவேப்பிலைச் சட்டியை அரக்கி, டோர்ச் அடிச்சு, "மே பலன்ன அக்கே" எண்டாள், இதைப் பாருங்கோ அக்கா எண்டு சிங்களத்தில. குனிஞ்சு பாத்தன். அறுந்த நூல் மாதிரி நெளியுது. அந்த மூடியில மட்டுமில்லை, பாத்த எல்லா மூடியிலயும். தலைவர் சத்தம் போடேல்ல. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள, அக்கா" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இறங்கிப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. உள்ள போக வழியில்லாமல் போன அந்த அண்ணைதான் டெங்குக்காரருக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறார்! மூண்டாம் மாடிக் கதவை அடிச்ச அடியில பக்கத்து வீடும் எட்டிப் பாத்தது.

"நீங்கள்தானே சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"என்னத்த தங்கச்சி?"

புழுக் கதையைக் கொட்டினன். அவர் கதிரையில இருந்திட்டார்.

"எல்லாத்துலயுமா? பூட்டு போட்டு ரெண்டு கெழமையாச்சே, வந்திருக்கும்தான்" எண்டார். "போன வருசம் எனக்கு டெங்கு வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். அதுலருந்து எங்க தண்ணி நின்னாலும் கவுத்துருவேன். உடுப்பு காயப்போட வந்த அன்னைக்கு ஒங்க மூடியில புழுவப் பாத்தேன். ஒரு பொம்பளகிட்ட போயி, ஒங்க சட்டியில புழு இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதான் சத்தமில்லாம ஊத்திட்டு வந்தேன்."

"அது சுத்தமான தண்ணி" எண்டன்.

"சுத்தமான தண்ணியிலதான் அது முட்டையிடும் தங்கச்சி."

அப்பவும் என்ர சந்தேகம் அடங்கேல்ல பாருங்கோ. "நீங்கள் வந்திருந்தால் கோலம் கலைஞ்சிருக்குமே, ஒரு தடமும் இல்லையே?"

"அது சாமிக் கோலமில்லையா, மிதிக்கலாமா? குழாயப் புடிச்சு, அதுக்கு மேலால காலத் தூக்கிப் போட்டுப் போவேன். பெருசாப் போட்ட நாள்ல மட்டும் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு" எண்டு சொல்லி இடது முழங்காலைத் தடவினார்.

எனக்கு அந்த இடத்திலயே செத்துப்போகலாம் போல இருந்தது. வெக்கம். அந்தக் கோலம் உங்களைப் பிடிக்கப் போட்டது எண்டு சொல்ல வாய் வரேல்ல. இண்டுவரைக்கும் சொல்லேல்ல.

ஞாயிற்றுக்கிழமை சட்டி இறக்கேக்க, வேண்டாம் வேண்டாம் எண்டு நான் சொல்லச் சொல்ல அவரும் உதவிக்கு ஏறி வந்தார். நான் முன்னால போய்ப் பாகல் கொடியைப் பந்தலில இருந்து அவிட்டுக்கொண்டு நிண்டன். திரும்பிப் பாத்தால் அவர் கதவடியில நிக்கிறார். மழை கழுவின வெறும் தரை. பழக்கத்தில குழாயைப் பிடிச்சு, நோகிற காலைத் தூக்கப் போறார்.

"அண்ணை, கோலம் இல்லை. நேர வாங்கோ" எண்டன்.

குனிஞ்சு தரையைப் பாத்தார்.

"ஏன் தங்கச்சி நிப்பாட்டிட்டீங்க? அழகா இருந்துச்சே."