கோலமாவு எங்கிருந்து வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வர இன்றைக்கும் ஆள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி படமெல்லாம் இனிமே எங்க வரப்போவுது?" என்றார். வராமல் இருப்பதே நல்லது என்றேன். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்றும் அந்தப் படம் சரியில்லை, இன்றும் சரியில்லை. இதைச் சொன்னதற்காக நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் வீடு குரும்பலூரில். சினிமா என்றால் பெரம்பலூர் டவுனுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பாவுக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை. ஷிப்டு மாறி மாறி வந்ததால் வீட்டு நிர்வாகமெல்லாம் பெரியப்பா கையில் இருந்தது. பெரியப்பா சினிமாப் பைத்தியம். படம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் வைத்தே ஒவ்வொருவராகக் கேட்பார், எந்த இடத்தில் அழுகை வந்தது என்று. அழவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால், படத்தை எடுத்தவரே அவர்தான் என்பதுபோல் முகம் வாடிவிடும்.

எனக்கு அழுகை வராது. கேள்விதான் வரும். பாம்புப் படத்துக்குப் போனால், அந்தம்மா அவ்வளவு உருகிப் பாடியும் பாம்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததே, அதற்கு நடிப்பே வரவில்லையே என்பேன். சண்டைப் படத்துக்குப் போனால், அத்தனை அடியாட்களும் ஒவ்வொருவராக வரிசையில் வந்து அடி வாங்குகிறார்களே, அது என்ன ரேஷன் கடையா என்பேன். அப்போதெல்லாம் பெரியப்பா சிரிப்பார். "இதுக்கு வாய் காது வரைக்கும் இருக்கு" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். இந்தப் படம் வந்துதான் அவர் சிரிப்பை நிறுத்தியது.

மைக் கட்டிய வண்டி ஊருக்குள் வந்து, தாய்க்குலத்தின் பேராதரவு என்று தொண்டை கிழியக் கத்தி, ரோஸ் நிற நோட்டீஸை வீசிவிட்டுப் போனது. தாய்க்குலம் மொத்தமும் கிளம்பியது, நாங்களும் போனோம். கதை இதுதான். ஒரு பெரிய பங்களா. குடித்துவிட்டு வரும் கணவன். வாய் திறக்காத மனைவி. ஒரு மழை இரவில் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுவிடுகிறான். அவள் கட்டிய சேலையோடு மழையில் விழுந்து கிடக்கிறாள். விடிகிறது. கதவைத் திறந்துகொண்டு அவன் வருகிறான். பார்த்தால் வாசல் முழுக்கப் பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. பக்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். கணவன் மனம் மாறிவிடுகிறான். கொட்டகையே விம்மியது. பெரியப்பா ஆண்கள் பக்கத்தில் இருந்து மூக்கைச் சிந்திய சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் என் முறை வந்தது.

"கோலமாவு எங்கேருந்து பெரியப்பா வந்துச்சு?" என்றேன். "டப்பா வூட்டுக்குள்ளதானே இருக்கும்? கதவுதான் தாப்பா போட்டிருக்கே. கட்டுன சேலையோடதானே தள்ளுனான்?"

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "படத்தைப் பார்றான்னா மாவைப் பாக்குது" என்றார். அம்மா என் தொடையைத் திருகினாள். திருகினாலும் கேள்வி கேள்விதானே!

அந்தச் சமயம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. ஆண்டிமடத்தில் முந்திரிக்காட்டுக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரியப்பா பார்த்து முடித்த சம்பந்தம். ஒருநாள் காலையில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலை பின்னிவிட ஒரு ஆள் கிடைத்தாள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பெரியப்பாவுக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர் அல்லவா? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அத்தையிடம் பேசிப் பார்த்தார். அவள் கடலை உரித்துக்கொண்டே, "போவ மாட்டேண்ணே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். காரணம் கேட்டால் அதற்கும் அதே பதில்தான்.

படத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட அவளுக்கு, கடலை உரிக்கும்போதுதான் நான் படக்கதை சொன்னேன். நான் கதை சொன்னால் பாதி கதை, பாதி குற்றப்பத்திரிகை. அத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். கோலத்துக்கு வந்ததும் கை நின்றது. "பூசணிப்பூ கூட வச்சாளா?" என்று கேட்டாள். "ஆமா, அதுவும் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல" என்றேன்.

அப்புறம் ஒருநாள் பெரியப்பா அடுப்பங்கரை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார், "அவளை அந்தப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவம். கல்லா இருந்தாலும் கரைஞ்சுடும். மாப்ளையையும் வரச் சொல்லியிருக்கேன். படம் விட்டதும் அப்படியே ஏத்தி அனுப்பிடலாம்." மாமாவும் படம் பார்க்க வருகிறாராக்கும் என்றுதான் நான் நினைத்தேன். என்னைக் கூட்டிப் போவதில்லை என்று பெரியப்பா முடிவாக இருந்தார். அத்தை, "அவ வந்தாத்தான் நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் எனக்கும் டிக்கெட் எடுத்தார்.

அது மேட்னி. பெண்கள் பக்கத்து பெஞ்சில் அம்மா, நான், அத்தை. இரண்டாம் தடவை பார்க்கும்போது படம் இன்னும் மோசமாக இருந்தது. முதல் தடவை கவனிக்காமல் விட்டதெல்லாம் கண்ணில் பட்டது. அவ்வளவு மழையிலும் அந்தம்மா பொட்டு கலையவில்லை. பங்களாவில் அத்தனை ஜன்னல் இருக்கிறது, ஒன்றைக்கூட அவள் தட்டிப் பார்க்கவில்லை. கோலம் வந்தது. சுற்றிலும் விம்மல் கிளம்பியது. என்னால் அடக்க முடியவில்லை. "மாவு எங்கேருந்து வந்துச்சு?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

அம்மா குட்டினாள். நான் அத்தையைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்து, "சிரிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் அழுத இடத்தில் என் அத்தையைச் சிரிக்க வைத்துவிட்டேனே!

வெளியே வந்தால் எதிர் சோடாக் கடை பெஞ்சில் அத்தையின் டிரங்குப் பெட்டி இருந்தது. காலையிலேயே பெரியப்பா சைக்கிளில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பெட்டிக்குப் பக்கத்தில் மாமா, சலவைச் சட்டையோடு, கலர் குடித்துக்கொண்டு நின்றார். அத்தை பெட்டியைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பெரியப்பா கண் சிவக்க அழுதுவிட்டு வந்திருந்தார். குரலும் உருகியிருந்தது. "பாத்தியாம்மா? பொறுத்துப் போனா எல்லாம் சரியாயிடும். படம் எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றார்.

அத்தை, "இவ ஒரு கேள்வி கேட்டாளே, அதுக்கு நீங்க பதில் சொல்லுங்கண்ணே. பெறவு நான் சொல்றேன்" என்றாள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். ஊரே அழும் படத்தை ஒரு பொடிசு கெடுக்கிறது. அவர் ஆத்திரமும் நியாயம்தான். "படம் நல்லாருக்குன்னு சொல்லு" என்றார்.

"நல்லால்ல."

"இனிமே ஒன்னை எந்தப் படத்துக்கும் கூட்டியாற மாட்டேன். நல்லாருக்குன்னு சொல்லு."

எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை அந்த வயதில் கிடையாது. தீபாவளிப் படம், பொங்கல் படம் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாவு எங்கிருந்து வந்தது என்று யாருமே சொல்லவில்லையே! "நல்லால்ல, நல்லால்ல, நல்லால்ல" என்று கத்தினேன். சோடாக் கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா கையை ஓங்கிவிட்டார்.

அதுவரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "ரெண்டு வைங்க மச்சான், தானா நல்லாருக்குன்னு சொல்லும். பொட்டச்சிக்கு வாய் நீண்டா வேற மருந்து இல்ல. இவளுக்கும் மொதல்ல அப்படித்தான் நீண்டுச்சு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெரியப்பா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மெதுவாக, "கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள்.

ஆண்டிமடத்துக்கு ஏற வேண்டிய அரியலூர் பஸ், ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். பெரியப்பா தோள் துண்டை எடுத்துச் சுருட்டித் தலையில் வைத்தார். பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன். "நீங்க பொறப்படுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுக் குரும்பலூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். மாமா பின்னாலேயே வந்து, "என்ன மச்சான், வெளையாட்டுக்குச் சொன்னா..." என்றார். பெரியப்பா திரும்பவில்லை. தலையில் பெட்டி இருந்தது, திரும்பவும் முடியாது. அத்தை அதன் பிறகு ஆண்டிமடம் பக்கமே போகவில்லை.

நடந்ததற்கெல்லாம் நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் ஒன்றுதான். படத்தைப் பற்றிய வாதத்தில் பெரியப்பா தோற்றுவிட்டார். அதனால்தான் பேசாமல் பஸ்ஸின் முன் சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். எந்த இடத்தில் அழுகை வந்தது என்று அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. நான் பின்னால் அத்தையோடு உட்கார்ந்து வெற்றியைக் கொண்டாடினேன்.

"நான் சொன்னது கரெக்டுதானே அத்தே? நீகூட அந்த எடத்துல சிரிச்சியே."

"சிரிச்சேனாடி?" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே பேசினாள். "வெடிஞ்சா தெருவுல சனம் நடமாட ஆரம்பிச்சுடும்டி. வாசல்ல சும்மா குந்திக்கிட்டு இருந்தா, ஏன் வெளில இருக்கேன்னு கேப்பாங்க. குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மொகத்தையும் பாக்க முடியாது."

"அதான், மாவு?"

"மாவு டப்பாவ வூட்டுக்குள்ள வைக்கக் கூடாது. மாட்டுக் கொட்டாய்ல, கூரை எறவானத்துல சொருகி வச்சிக்கணும். எந்த மழைக்கும் நனையாது."

எனக்குச் சுரீர் என்றது. இவ்வளவு தூரம் என் பக்கம் நின்றுவிட்டுக் கடைசியில் அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறாளே! விட்டுவிடுவேனா?

"அது பங்களா அத்தே. பெரிய கேட்டு, காரு எல்லாம் இருந்துச்சு. அந்த வூட்டுல மாடே கெடையாது. மாட்டுக் கொட்டாய் எங்கேருந்து வரும்?"

அத்தை என்னைப் பார்த்தாள். "ஆமால்ல" என்று ஒப்புக்கொண்டாள். பெரியப்பாவை ஜெயித்தாயிற்று, அத்தையையும் ஜெயித்தாயிற்று. நான் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் சொன்ன மாட்டுக் கொட்டாய் எந்த வீட்டில் இருந்தது என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.